நேற்றைய எண்ணைப் பார்த்து இன்றைய ஜன்னலைச் சாத்துகிறோம்

பக்கத்து இந்தோனேசியாவில் காடும் நிலமும் எரிந்து புகைமூட்டம் வருகிற ஆண்டுகளில், புரட்டாசி பிறந்ததும் சிங்கப்பூரில் நலம் விசாரிக்கும் முறையே மாறிவிடும். "சாப்பிட்டாச்சா?" போய், "பிஎஸ்ஐ எவ்வளவு?" வந்துவிடும்; காற்று எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று சொல்லும் குறியீட்டு எண் அது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் காலையிலேயே ஓர் எண்ணைப் போடுவார். அதைப் பார்த்து ஒருவர் ஜன்னலைச் சாத்துவார். இன்னொருவர் "நூறுக்குள்ளதானே இருக்கு, பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பு" என்பார். தாத்தா மட்டும் எந்த எண்ணையும் நம்பாமல், வாசலில் நின்று ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு வழக்கம்போலக் கோப்பிக்கடைக்குக் கிளம்பிவிடுவார். இந்த மூவரில் தாத்தாவின் முறைதான் மோசம் என்று எல்லோரும் நினைக்கிறோம். எனக்கு அதில் பெரிய சந்தேகம் உண்டு. தாத்தா தவறான கருவியை வைத்துச் சரியான கேள்வியைக் கேட்கிறார்: "இப்போது எப்படி இருக்கிறது?" மற்ற இருவரும் சரியான கருவியிடம் போய், அது பதில் சொல்லாத கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நாம் பகிர்ந்துகொள்ளும் அந்த எண் 24 மணிநேர பிஎஸ்ஐ. கந்தக டையாக்ஸைடு, பிஎம் 10, பிஎம் 2.5 என்ற நுண்துகள்கள், நைட்ரஜன் டையாக்ஸைடு, கார்பன் மோனாக்ஸைடு, ஓசோன் என ஆறு மாசுகளுக்கும் தனித்தனிக் குறியீடு போட்டு, அவற்றில் எது உச்சமோ அதையே அந்த வட்டாரத்தின் பிஎஸ்ஐயாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடுகிறது. புகைமூட்ட நாள்களில் உச்சத்தில் நிற்பது ஏறக்குறைய எப்போதும் பிஎம் 2.5தான். தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான் என்றால், இது 2.5 மைக்ரானுக்கும் கீழே. மூக்கு முடியிலும் தொண்டைச் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரைக்கும் போகும், மிகச் சிறியவை ரத்தத்துக்குள்ளும் இறங்கும். ஆஸ்துமா மட்டுமல்ல, மாரடைப்பும் பக்கவாதமும் இந்தக் கணக்கில் வருவது அதனால்தான். இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். குழப்பம் அந்த "24 மணிநேரம்" என்ற சொல்லில் இருக்கிறது. அது கடந்த 24 மணிநேரத்தின் சராசரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

ஒரு கற்பனை நாள். காற்று ஓரளவு சுத்தம், பிஎம் 2.5 ஒரு கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்று நாள் முழுக்க ஒரே சீராக இருக்கிறது. அந்த அளவுக்கு பிஎஸ்ஐ 59 வரும். மாலை 6 மணிக்குக் காற்று தென்மேற்கிலிருந்து வீசத் தொடங்கி, சுமத்ராவின் புகையை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறது. அளவு ஒரேயடியாக 180க்கு ஏறிவிடுகிறது. இரவு 10 மணிக்கு நிலவரம் என்ன? கடந்த 24 மணிநேரத்தில் 20 மணிநேரம் 20, நான்கு மணிநேரம் 180. சராசரி 47. பிஎஸ்ஐ அட்டவணையில் பிஎம் 2.5 அளவு 12 என்பது குறியீடு 50க்கும், 55 என்பது 100க்கும் நேர். ஆக 47க்கு ஏறக்குறைய 90 வரும். பட்டியலில் அதன் பெயர் "மிதமானது". வெளியே கண் எரிகிறது, எதிர்ப் புளோக் மங்கலாகத் தெரிகிறது, கைப்பேசியோ மிதமானது என்கிறது. பொய் சொல்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் கோபம் கிளம்புவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். யாரும் பொய் சொல்லவில்லை. பகல் முழுக்க இருந்த சுத்தமான காற்று அந்தச் சராசரிக்குள் உட்கார்ந்து, இரவுப் புகைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறது.

இதன் மறுபாதியை யாரும் கவனிப்பதில்லை. என்னை உறுத்துவது அதுதான். புகை இரவு முழுக்க நின்று, காலை 6 மணிக்கு நல்ல மழை பெய்து, அளவு மறுபடி 20க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்தில் சராசரி 12 மணிநேரம் 180, 12 மணிநேரம் 20, அதாவது 100. பிஎஸ்ஐ 147, "ஆரோக்கியமற்றது". வெளியே காற்று பளிச்சென்று இருக்கிறது. காலை 9 மணிக்கும் 147. பகல் 12 மணிக்கும் 147. ஏனென்றால் எந்த மணியில் நின்று பின்னோக்கி 24 மணிநேரம் எண்ணினாலும், அந்தப் புகை பிடித்த 12 மணிநேரமும் முழுசாக உள்ளே அடங்கிவிடுகிறது. மாலை 6 மணிக்குப் பிறகுதான் அது ஒவ்வொரு மணியாகக் கழன்று விழும்; பழைய 59க்குத் திரும்ப மறுநாள் விடிய வேண்டும். இந்தப் பகல் முழுக்க எத்தனை வீடுகளில் ஜன்னல் சாத்தியே கிடக்கிறது! நேற்றிரவு உள்ளே புகுந்த புகையை வெளியே விடாமல், அதையே பத்திரமாகப் பூட்டிவைத்து, "நல்லவேளை, ஜன்னலைச் சாத்திட்டோம்" என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த எண் வீண் என்று சொல்லவரவில்லை. நாளைக்குப் பள்ளிச் சுற்றுலா உண்டா, முகாமைத் தள்ளிப்போடலாமா, முதியோர் இல்லத்தில் என்ன ஏற்பாடு என்பதற்கெல்லாம் நாள் சராசரிதான் வேண்டும். உடல்நல ஆய்வுகளிலும் பெரும்பாலும் நாள் சராசரியை வைத்துத்தான் பாதிப்பைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் "இப்போது மெதுவோட்டம் போகலாமா?" என்ற கேள்விக்கு 1 மணிநேர பிஎம் 2.5 அளவைப் பாருங்கள் என்று வாரியமே சொல்கிறது. வாரியத்தின் மைஇஎன்வி (myENV) செயலியில், வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று ஐந்து வட்டாரங்களுக்கும் மணிக்கு மணி வருகிறது. 55 வரை வழக்கமான நிலை. 56 முதல் 150 வரை கூடுதல். 151 முதல் 250 வரை அதிகம். அதற்கு மேல் மிக அதிகம். இந்த நான்கு படிகள் போதும். ஜன்னலைத் திறக்கவும் சாத்தவும் இதைத்தான் பார்க்க வேண்டும். ஜூரோங்கில் 160 இருக்கும்போது பாசிர் ரிஸில் 60 இருப்பதெல்லாம் நடக்கக்கூடியது. ஆக உங்கள் வட்டாரத்தைப் பாருங்கள், தீவின் உச்ச எண்ணை அல்ல.

இன்னொரு சிக்கல், பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுவது. 2013 ஜூன் 21 நண்பகலில் பதிவான 401ஐ இன்னும் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அது 3 மணிநேர பிஎஸ்ஐ. தவிர, அப்போது பிஎஸ்ஐ கணக்கில் பிஎம் 2.5 சேர்ந்திருக்கவில்லை, 2014 ஏப்ரலில்தான் சேர்த்தார்கள். எனவே அந்த 401ஐயும் இன்றைய 24 மணிநேர எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "அப்போ இதைவிட நாலு மடங்கு" என்று பேசுவது, படியில் அளந்த அரிசியையும் கிலோவில் நிறுத்த அரிசியையும் ஒப்பிடுகிற கதை.

மண்ணே எரிகிறது

மணிக்கு மணி பார்க்கச் சொல்வதற்குக் காரணம், புகை வருகிற விதத்திலேயே இருக்கிறது. காட்டுத்தீ என்றதும் மரம் கொழுந்துவிட்டு எரிவதுதான் நம் கண்ணில் நிற்கும். இந்தோனேசியாவின் ரியாவ், ஜம்பி, தென் சுமத்ரா, கலிமந்தான் பகுதிகளில் எரிவதில் மோசமானது மரமல்ல, மண். பல்லாயிரம் ஆண்டுகளாக மட்காமல் நீருக்குள் ஊறிக் கிடந்த இலையும் வேரும் சேர்ந்த கரிமச் சதுப்பு நிலம் அது, பீட் என்பார்கள். இயல்பான நிலையில் அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான், தீக்குச்சி கிழித்துப் போட்டாலும் பிடிக்காது. செம்பனையும் காகிதக்கூழ் மரமும் நடுவதற்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால், மேல்மண் காய்ந்து வறட்டி மாதிரி ஆகிவிடுகிறது. பிறகு நிலத்தைச் சுத்தம் செய்ய யாரோ வைத்த தீ கீழே இறங்கி, சாம்பல் பூத்த அடுப்புக் கரி மாதிரி வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும்.

கொழுந்துவிட்டு எரிகிற தீயைவிட, கனல்கிற தீதான் நமக்கு எதிரி. வெப்பம் குறைவு, காற்றோட்டம் குறைவு. எரிதல் பாதியில் நிற்கிறது. அதனால் ஒரே எடை பொருளுக்கு நுண்துகளும் கார்பன் மோனாக்ஸைடும் பல மடங்கு அதிகமாக வெளியேறும். சாம்பிராணித் தட்டில் நெருப்பு நன்றாகப் பிடித்திருக்கும்போது புகை குறைவாகவும், அணையப் போகும்போது கண்ணைக் கரிக்கும்படியும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே விஷயம்தான், சில ஆயிரம் ஹெக்டர் அளவில். மேலே ஒரு மழை பெய்தால் மேல்மட்டம்தான் நனையும். இரண்டு நாள் வெயிலில் பக்கத்து இடத்தில் மறுபடி புகை கிளம்பும். விமானத்திலிருந்து தண்ணீர் கொட்டுவது பார்ப்பதற்குத்தான் பெரிய காட்சி. பலன் தருவது வாய்க்காலை அடைத்து நிலத்தடி நீரை மேலே கொண்டுவருவது. பயிரிடும் சதுப்பு நிலங்களில் நீர்மட்டம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்று இந்தோனேசிய விதியே இருக்கிறது. 40 சென்டிமீட்டர் என்றால் முழங்கால் உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அந்த அளவுக்கு மண் காய்ந்தால் அதுவே தீக்குப் போதும் என்பதையும் அந்த எண் சொல்கிறது.

எல் நினோ ஆண்டுகளில் மழை தள்ளிப்போகும். 1997, 2015 இரண்டும் அப்படித்தான். 2015 செப்டம்பர் 25 அன்று இங்கே தொடக்கப்பள்ளிகளையும் உயர்நிலைப்பள்ளிகளையும் மூட வேண்டிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, வெளிநாட்டில் தீ வைத்து இங்கே புகை அனுப்பும் நிறுவனங்களுக்கு நாளொன்றுக்கு 100,000 வெள்ளி வரை, மொத்தம் 2 மில்லியன் வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் கை எவ்வளவு நீளும் என்பது தனிக்கதை. நம் ஜன்னலைப் பொறுத்தவரை தெரிய வேண்டியது இதுதான்: தீ வாரக்கணக்கில் எரிந்தாலும் புகை இங்கே வருவதும் போவதும் காற்றின் திசையைப் பொறுத்தது. காற்றோ ஒரு மணிநேரத்தில் திரும்பிவிடும்.

எந்த அறை, எத்தனை கன மீட்டர்

தீவு முழுவதற்கும் ஓர் எண், வட்டாரத்துக்கு ஓர் எண் என்று வந்தாயிற்று. உண்மையில் நாம் மூச்சு விடுவது நாள் முழுக்க ஒரு அறையில். அதிலும் எட்டு மணிநேரம் படுக்கையறையில். வீடு முழுவதையும் சுத்தமாக வைக்கப் பார்க்காமல் ஒரே ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து அதை ஒழுங்காகச் செய்வதுதான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு நடைமுறை.

3 மீட்டருக்கு 3.5 மீட்டர் அறை, கூரை 2.6 மீட்டர் உயரம். மொத்தம் 27 கன மீட்டர். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் "40 சதுர மீட்டர் அறைக்கு" என்பதைப் படிக்காதீர்கள். அதன் கீழே சின்ன எழுத்தில் சிஏடிஆர் என்று ஓர் எண் இருக்கும். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தருகிறது என்பது அது. அறையின் காற்று மணிக்கு ஐந்து தடவையாவது வடிகட்டப்பட வேண்டும். 27ஐ 5ஆல் பெருக்கினால் 135. ஆனால் பெட்டியில் உள்ள சிஏடிஆர் உச்ச வேகத்துக்கானது. அந்த வேகத்தில் அது போடும் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது. இரவு வேகத்தில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் மிஞ்சும். ஆக 135 வேண்டும் என்றால் 350, 400 உள்ளதாக வாங்கி மெதுவாக ஓடவிடுவதே கணக்கு. சின்னதை வாங்கி உச்சத்தில் வைத்து, பத்து மணிக்குச் சத்தம் தாங்காமல் அணைத்துவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது.

வெளியே 180 இருக்கும்போது, இடுக்குகளை ஒழுங்காக அடைத்த அறைக்குள் மணிக்கு அறைக் காற்றில் பத்தில் மூன்று பங்கு வெளிக்காற்று கசிகிறது என்று வைத்தால், ஐந்து தடவை வடிகட்டும் கருவி அதை 10க்குக் கொண்டுவந்துவிடும். அதே கருவி, அதே வேகம், ஆனால் காற்றுக்கு ஆசைப்பட்டு ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்தீர்கள். கசிவு மணிக்கு மூன்று தடவையாகிறது. இப்போது அறைக்குள் 67. கருவிக்குக் கொடுத்த காசைவிட, கதவடியில் சுருட்டி வைக்கும் பழைய துண்டும், நகரும் ஜன்னல் சட்டத்தில் ஒட்டும் பத்து வெள்ளிப் பஞ்சுப் பட்டையும்தான் இங்கே வேலை செய்கின்றன. கழிவறையின் கண்ணாடிப் பட்டை ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். ஆகவே கழிவறைக் கதவைச் சாத்துங்கள். அங்கே வெளியேற்று விசிறி ஓடினால், அது தள்ளுகிற காற்றுக்கு ஈடாக வெளிப்புகை எல்லா இடுக்கிலும் உறிஞ்சப்பட்டு உள்ளே வரும்.

"ஏர்கான் போட்டிருக்கோம், பரவாயில்லை" என்பதும் அடிக்கடி கேட்பது. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் சுவரில் மாட்டும் பிரிவுவகை. அது அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது; வெளிக்காற்றை இழுப்பதில்லை, அந்த வகையில் நல்லது. ஆனால் அதன் முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் வலை தும்பைத்தான் பிடிக்கும், பிஎம் 2.5ஐப் பிடிக்காது. பழைய ஜன்னல்வகை ஏர்கானில் வெளிக்காற்றுக்கான சின்ன மடல் ஒன்று இருக்கும். அது சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

சுத்திகரிப்பானில் நடக்கும் தவறுகளில் முதல் பரிசு ஒன்றுக்குத்தான்: நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே மாதக்கணக்கில் ஓட்டுவது. பல மாடல்களில் வடிகட்டி கருவிக்குள்ளேயே உறையோடுதான் வரும். மேலே நீல விளக்கு எரியும், காற்றும் ஏதோ வரும், ஒன்றும் வடிகட்டாது. பின்மூடியைக் கழற்றி ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடுத்தது, திரைச்சீலைக்குப் பின்னாலோ சோபா இடுக்கிலோ தள்ளிவைப்பது. சுவரிலிருந்து ஒரு அடியாவது விலகியிருக்க வேண்டும். ஹெப்பா துகளைத்தான் பிடிக்கும், வாசனை போகாது. வாசனைக்கும் சில வாயுக்களுக்கும் கரித்துகள் அடுக்கு வேண்டும், அதுவும் மெல்லிய கறுப்புத் துணி மாதிரி இருந்தால் சில நாளில் நிரம்பிவிடும். ஓசோன் வெளியிட்டுச் "சுத்தம்" செய்யும் கருவிகளை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஓசோனே ஆறு மாசுகளில் ஒன்று.

இப்படி இறுக்கி மூடிய அறையில் இன்னொரு கணக்கு ஓடத் தொடங்குகிறது. தூங்குகிற பெரியவர் ஒருவர் மணிக்கு 12, 13 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுவார். இரண்டு பேர், 27 கன மீட்டர். காற்றே புகாத அறையாக இருந்தால் மணிக்கு 10 லட்சத்தில் 950 பங்கு என்று ஏறும். வெளியே வழக்கமாக 420தான். கொஞ்சம் கசிவு இருந்தாலும் விடிவதற்குள் 3000ஐத் தாண்டிவிடும். பிள்ளைகளும் அதே அறையில் படுத்தால் இன்னும் சீக்கிரம். காலையில் தலைபாரத்தோடு எழுந்து "புகை உள்ளே வந்துவிட்டது" என்று இன்னும் இறுக்கி மூடுவார்கள். சுத்திகரிப்பான் கரியமில வாயுவைத் தொடாது. இதற்கு மருந்து, மணிநேர அளவு இறங்கும் நேரம் பார்த்து எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் முழுசாகத் திறந்துவிட்டு, மூடி, கருவியை அரைமணி உச்சத்தில் ஓட்டுவது. இறங்கவே இல்லையென்றால் அறைக்கதவைத் திறந்து கூடத்துக் காற்றோடு கலக்க விடலாம். காப்பறைக்குள், அதாவது வீட்டோடு கட்டியிருக்கும் பாம் ஷெல்டருக்குள், படுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பாம் ஷெல்டர் கதவு நன்றாக அடைக்கும் என்பதே அங்கே தூங்கக்கூடாது என்பதற்குக் காரணம்.

சாம்பிராணியும் தாளிப்பும்

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். சொல்லாமல் விட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். நமக்குப் புகைமூட்டம் வரும் மாதங்கள்தான் புரட்டாசிச் சனியும் நவராத்திரியும். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே ஊதுவத்தி ஏற்றுகிறோம். ஊதுவத்தி ஒரு கிராம் எரிந்தால் சுமார் 45 மில்லிகிராம் துகள் வரும் என்பது ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் அளவு. சிகரெட்டுக்கு அது கிராமுக்கு 10 மில்லிகிராம். 90 சதுர மீட்டர் நான்கறை வீட்டின் கொள்ளளவு ஏறக்குறைய 234 கன மீட்டர். எல்லாம் மூடியிருக்க, ஒரு கிராம் ஊதுவத்தியின் புகை வீடு முழுக்கப் பரவினால் கன மீட்டருக்கு 190 மைக்ரோகிராம். எந்த 180க்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினோமோ, அதைவிடப் பத்து அதிகம். நாம் ஏற்றுவது ஒன்றல்ல, இரண்டு மூன்று. கம்ப்யூட்டர் சாம்பிராணியின் கரிக்கிண்ணம் இதில் இன்னொரு படி மேல். கரி கனலும்போது கார்பன் மோனாக்ஸைடும் வரும்.

சாமிக்குக் காட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. மணிநேர அளவு 55க்குள் இருக்கும் நேரம் பார்த்து, ஜன்னலைத் திறந்து காட்டிவிட்டு, புகை போன பிறகு மூடலாம். அளவு இறங்காத நாளில் விளக்கும் பூவும் போதுமே! நல்லெண்ணெய் விளக்கிலும் கரி வரும்தான், ஆனால் திரியைக் குட்டையாக வைத்தால் புகை தெரியாத அளவுக்குக் குறைத்துவிடலாம்.

சமையலில் துகள் கிளம்பும் இடம் எண்ணெய். கடுகு வெடிக்கும்போது மேலே எழும் நீலநிற மெல்லிய படலம் இருக்கிறதே, அது நீராவி அல்ல. புகைமூட்ட நாளில் இட்லி, புட்டு, குக்கர் சாதம், பருப்பு என்று ஆவியிலும் கொதியிலும் முடிப்பவற்றைச் செய்துவிட்டு, தாளிப்பைக் கடைசியில் சின்னக் கரண்டியில், சிறு தீயில், எண்ணெய் புகையத் தொடங்குமுன் கடுகைப் போட்டு மூடிவிடுங்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் உறிஞ்சிக்கு வெளியே போகும் குழாய் உண்டா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். நிறைய வீடுகளில் குழாய் கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் பிடித்துக்கொண்டு புகையை நெற்றிக்கு நேரே திருப்பி ஊதும். சுத்திகரிப்பானைச் சமையலறையில் கொண்டுபோய் வைக்காதீர்கள். எண்ணெய்த் துளி படிந்து ஹெப்பா ஒரு மாதத்தில் அடைத்துக்கொள்ளும். வாயு அடுப்பின் சுடரே நைட்ரஜன் டையாக்ஸைடு தரும், அதை ஹெப்பா பிடிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சைட்டில் நிற்பவருக்கு எந்த எண்

இத்தனையும் சாத்துவதற்கு ஜன்னல் உள்ளவர்களுக்கு. கட்டுமானத் தளத்தில் நிற்பவரிடம் இந்த எண்களைக் காட்டினால், அவர் கேட்கக்கூடிய முதல் கேள்வி "அண்ணே, இதெல்லாம் உக்காந்திருக்கறவங்களுக்கா, எங்களுக்கா?" என்பதாக இருக்கும். நியாயமான கேள்வி. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். கம்பி கட்டுபவர், கான்கிரீட் தள்ளுபவர் 40 லிட்டர் இழுப்பார். மணிநேர அளவு 60 என்று வையுங்கள். "கூடுதல்" படியின் தொடக்கம், அலுவலகத்தில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எட்டு மணிநேர வேலையில், உட்கார்ந்திருப்பவரின் மூச்சில் போவது 230 மைக்ரோகிராம். கம்பி கட்டுபவருக்கு 1150. அந்த அளவு உட்கார்ந்திருப்பவருக்குப் போக வேண்டுமென்றால் அவரைச் சுற்றிக் காற்றில் 300 இருக்க வேண்டும். அதாவது நான்காவது படி. ஒரே காற்று, ஒரே மணி. ஒருவருக்கு இரண்டாம் படி, இன்னொருவருக்கு நான்காம் படி. பிஎஸ்ஐயோ மணிநேர அளவோ எதுவும் இந்த ஐந்து மடங்கைச் சொல்லாது. மேற்பார்வையாளர்கள் தாங்களாகவே போட்டுக்கொள்ள வேண்டிய பெருக்கல் இது.

முகக்கவசத்தில் என்95தான் பயன், 0.3 மைக்ரான் துகளில் 95 விழுக்காட்டைத் தடுப்பது. அறுவைசிகிச்சைக் கவசத்தில் துணி நன்றாக வடிகட்டினாலும் கன்னத்து இடைவெளியில் காற்று புகுந்துவிடும். என்95க்கு இரண்டு பட்டை: மேல்பட்டை காதுக்கு மேலே பின்மண்டையில், கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே கழுத்தில். இரண்டையும் கழுத்திலேயே தொங்கவிட்டால் மூக்கருகே திறந்துகொள்ளும். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாமல், இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்துங்கள். கிள்ளினால் கூர்மையாக மடிந்து இடைவெளி விடும். பிறகு இரு கைகளாலும் மூடி வேகமாக ஊதுங்கள். கண்ணிமையில் காற்று பட்டால் மேலே கசிகிறது. தாடியோடு போட்டால் எந்தக் கவசமும் ஒட்டாது. வியர்வையில் ஊறிவிட்டால் மூச்சிழுக்கச் சிரமமாகும், மாற்ற வேண்டும். வெளியில் உழைப்பவருக்கு ஒரு நாளைக்கு ஒன்று போதாது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று எடுத்துவைத்திருக்க வேண்டும். மூச்சு வெளிவிட வால்வு உள்ளது வெக்கைக்கு நல்லது. புகையும் வெயிலும் சேர்ந்த நாளில் இன்னொரு விதியும் நினைவிருக்கட்டும்: வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை (WBGT) 32 டிகிரி ஆனால் கடும் உடலுழைப்புக்கு மணிக்கு 10 நிமிடம், 33 ஆனால் 15 நிமிடம் ஓய்வு தர வேண்டும். அந்த ஓய்வை மரத்தடியில் கவசத்தைக் கழற்றிக் கழித்தால் வெக்கை தணியும், புகை இரட்டிப்பாகும். சைட் ஆபீஸ் கன்டெய்னரில் ஒரு சுத்திகரிப்பானை ஓடவிட்டு, முறைபோட்டு உள்ளே உட்கார வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு லாரி மணலைவிடக் குறைவு.

புகைமூட்டம் இல்லாத நாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம் 2.5க்கு ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம் என்று வழிகாட்டியது. சிங்கப்பூர் 2020க்கென்று தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு 12. இடையில் இருப்பது வண்டிப்புகை, கப்பல், சுத்திகரிப்பாலை, நாலாபுறத்துக் காற்று. மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் வருவதும், 2025 தொடக்கத்திலிருந்து புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்ய முடியாது என்பதும் நல்ல செய்தி. புளோக்கின் கீழே ஏர்கானுக்காக என்ஜினை ஓடவிட்டுத் தூங்குபவர் மட்டும் மாறவில்லை. அது குற்றம் என்று தெரியாதவரும் அல்ல.

மழை வந்து அளவு நாலைந்து நாள் தொடர்ந்து 55க்குள் நின்றதும் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. முதலில் துடைப்பத்தை எடுக்காதீர்கள்; படிந்த துகளை மறுபடி காற்றில் எழுப்பிவிடும். மின்விசிறி இறக்கை, அலமாரியின் மேல்பக்கம், ஜன்னல் சட்டம் இவற்றை ஈரத்துணியால் துடைத்த பிறகு தரையை ஈரமாகவே துடைக்கவும். ஏர்கான் வலையைக் கழுவி நிழலில் காயவைக்கவும். சுத்திகரிப்பானின் முன்வலையைக் கழுவலாம், ஹெப்பாவைக் கழுவக்கூடாது. கழுவினால் இழைகள் ஒட்டிக்கொண்டு வடிகட்டுவது போய்விடும், வெயிலில் வைத்துத் தட்டினாலும் அப்படித்தான். சாம்பல் நிறமாகிவிட்டதைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைக் குழாயில் போட்டுவிட்டு, புதியதன் விளிம்பில் மார்க்கரால் தேதியை எழுதி மாட்டுங்கள். உறையைப் பிரித்துவிட்டு.